திருப்பு வட்டம்

சுர்மேனேயில் மழை பெய்யாத நாளைத்தான்
குறித்து வைப்பார்கள்.
பெய்துகொண்டிருந்த ஒரு மார்ச் காலையில்
செலாமி ரெயிஸ் என் மேசைக்கு வந்து
தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்:
"வட்டம் எவ்வளவு?"

விலையைக் கேட்கவில்லை, குதிரைத்திறனையும் கேட்கவில்லை.
நெத்திலிக் கூட்டத்தைக் கண்டதும்
வலையின் ஒரு நுனியைச் சிறு படகிடம் விட்டுவிட்டு
கூட்டத்தைச் சுற்றி ஓடி
தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்.
வட்டம் மூடுவதற்குள் மீனுக்குத் தெரிந்துவிட்டால்
எண்ணூறு மீட்டர் வலையில்
கருங்கடல் தண்ணீரை அள்ளியதுதான் மிச்சம்.

இன்னும் ஒரு தகடுகூட வெட்டப்படவில்லை.
அன்றைக்குக் கப்பல் என்பது
என் கணினியில் பதினேழு குறுக்குக் கோடுகள்,
ஒரு வங்கிக் கடன்,
அவர் மருமகன் ஏற்கெனவே தேர்ந்துவிட்ட நீல நிறம்.

சூத்திரங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை.
எண்ணெய்க் கப்பல்களை அளந்து பழகியவை,
நீண்டு மெலிந்து மட்டமாக மிதக்கும் உடல்கள்.
என்னுடையதோ
முப்பத்து நான்கு மீட்டர் நீளம், பதினொன்று அகலம்,
பின்பக்கம் தாழ்ந்து குந்தியிருப்பது.
கணக்குப்பிள்ளைக்குத் தைத்த சட்டையை
மல்யுத்தக்காரன் போட்டதுபோல்
ஒவ்வொரு குணகமும் தோளில் பிய்ந்தது.

மாதிரி செய்து தொட்டியில் இழுத்துப் பார்க்க
இஸ்தான்புல் ஒரு தொகை சொன்னது.
மருமகன் சிரித்தான்.

பழைய வலைக்கப்பல்கள் ஆறின் சோதனை ஏடுகளைக்
கெஞ்சி வாங்கினேன்.
ஒன்றில் தேநீர்க் கறை.
ஒன்றில் காற்றின் வேகத்துக்கு நேரே
"சுமார்" என்று மட்டும் இருந்தது.
சுக்கானைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், வட்டம் சுருங்கியது.
அடிக்கட்டையை நீட்டினேன், மறுபடி விரிந்தது.
நேராகப் போகத் தெரிந்தது திரும்பத் தயங்கும்;
திரும்பத் துடிப்பது
நேர்ப்பாதையில் குடிகாரன்.
இரண்டுக்கும் நடுவே எனக்குப் பதினொரு இரவுகள்.

கடைசியில் எழுதினேன்: மூன்று புள்ளி ஒன்று.
கப்பல் நீளத்தின் மூன்று மடங்கும் சொச்சமும்.
சொச்சத்தை நான் நம்பவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த அக்டோபரில் சோதனை ஓட்டம்.
அதிசயமாக வெயில்.
சுக்கான் முப்பத்தைந்து பாகை, முதலில் இடப்புறம்:
இரண்டு புள்ளி எட்டு.
பட்டறைக்காரர்கள் கைதட்டினார்கள்.
பிறகு வலப்புறம்:
மூன்று புள்ளி நான்கு.

நான் காகிதத்தை நீட்டினேன்.
சராசரி எடுத்துப் பாருங்கள், என்றேன்,
மூன்று புள்ளி ஒன்று, இம்மி பிசகவில்லை.
உந்தி ஒரே பக்கமாகச் சுழல்வதால்
எந்தக் கப்பலும் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்யும்.
செலாமி ரெயிஸ் கடலைப் பார்த்தபடியே கேட்டார்:
"பொறியாளர் அம்மா,
சராசரியாக நான் எந்தப் பக்கம் திரும்புவது?"

வலை இழுக்கும் விஞ்ச் வலப்புறம்.
இந்தக் கரையில் அவருக்கு எல்லாமே வலப்புறம்,
வலை விடுவது, வட்டமடிப்பது, மூடுவது.
அந்த விஞ்சை வரைபடத்தில் வைத்தவளே நான்.
அவரிடம் நூறு கேள்விகள் கேட்டிருந்தேன்,
கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்
என்பது உட்பட.

புள்ளி மூன்று நீளம்.
அதாவது பத்து மீட்டர்.
உந்தியை எதிர்க்கைக்கு மாற்றலாம்,
கியர் பெட்டியும் மாற வேண்டும்,
வங்கியும் மனசு மாற வேண்டும்.
"கொஞ்சம் முன்னாலேயே திருப்பிக்கொள்கிறேன்" என்றார்.
அது மன்னிப்பா என்று
குரலை வைத்துக் கணிக்க முடியவில்லை.

டிசம்பரில் அலுவலக வாசலில்
ஒரு பெட்டி நெத்திலி இருந்தது.
மேலே ஈரமான சீட்டு:
"பத்து மீட்டர் வழியாகப் போனவை போக, மீதி."

சோளமாவில் புரட்டிப் பொரித்தேன்.
முள்ளோடு தின்றேன்.